எக்ஸ்ரே அக்காவும் ராத்திரிக் கேமராவும்

முட்டையானாலும் தபால் கவரானாலும் அக்கா முதலில் ஜன்னல் பக்கம் திரும்பிக் கையை உயர்த்துவார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகுதான் அந்தப் பொருள் இருப்பதையே ஒப்புக்கொள்வார். ரூபாய் நோட்டை எல்லோரும் அப்படிப் பார்க்கிறோம். அவர் கல்யாணப் பத்திரிகையைப் பார்ப்பார், கொய்யா இலையைப் பார்ப்பார், டெய்லர் தைத்துக் கொடுத்த ஜாக்கெட்டைப் பார்ப்பார். ஒருமுறை நான் வாங்கிப்போன காராபூந்திப் பொட்டலத்தைப் பிரிக்காமலே தூக்கிப் பிடித்தார். எண்ணெய் ஊறிய காகிதத்துக்குள் எல்லாம் நிழலாகத் தெரிந்தது.

"வேர்க்கடலயே இல்லியேடா. உன்ன நல்லா ஏமாத்திகிறான்."

பிரித்துப் பார்த்தேன். ஒரு கடலைகூட இல்லை.

திருவொற்றியூரில் அவர் இருந்த தெருவில் எல்லோருக்கும் அவர் எக்ஸ்ரே அக்கா. முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து ஓய்வு பெற்றவர். மூட்டை விழுந்த தோள், லாரி ஏறிய கால், கரித்தூசி அடைத்த நெஞ்சு என்று வடசென்னையின் எலும்புகள் எல்லாம் அவர் கை வழியாகப் போயிருக்கின்றன. என் நெஞ்சும் போயிருக்கிறது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, கப்பலுக்குத் துரு சுரண்டி, ஐஸ் உடைத்து, கடைசியில் நிலக்கரி யார்டில் இருந்தபோது எனக்கு இருமல் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் சில்லென்ற தகட்டில் நெஞ்சை ஒட்டி நிற்கவைத்துவிட்டு ஒரு குரல் சொன்னது: "மூச்ச இழு. புடி. ஆடாத." நான் பிடித்தேன். ரொம்ப நேரம் கழித்துத்தான் "வுடு" என்றது.

வெளியே வந்ததும் கேட்டேன். "இன்னாக்கா கீது நெஞ்சுல?"

"படம் எடுக்கறது என் வேல. படிக்கறது டாக்டர் வேல. அடுத்த ஆளு வா."

இதுதான் அவருடைய சட்டம். கேட்டவர்கள் அழுதிருக்கிறார்கள், திட்டியிருக்கிறார்கள், காலில் விழுந்திருக்கிறார்கள். ஈர ஃபிலிமைத் தூக்கிப் பிடித்த அந்த நொடியிலேயே அவருக்கு எல்லாம் தெரிந்துவிடும். டாக்டர்களே அவரிடம் வந்து காதோடு கேட்டுவிட்டுப் போவார்கள் என்று சொல்வார்கள். ஆனால் படத்துக்கு உரியவனிடம் ஒரு வார்த்தை சொல்லமாட்டார்.

அவருடைய வீட்டுக்காரர் விஷயம் எனக்கு ரொம்பப் பிற்பாடுதான் தெரியும். கொய்யா மரத்தடியில் கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டே, யாரோ மூன்றாவது மனுஷரின் கதைபோல அவரே சொன்னார். "அவருக்கும் நான்தான் எடுத்தேன். ஒரு பக்கம் பூரா வெள்ளையா கீது. வூட்டுக்கு வந்து கேக்கறாரு, நீ பாத்தியே, இன்னா கீதுன்னு. டாக்டரு சனிக்கெழம வருவாரு, சொல்லுவாருன்னேன். மூணு நாளு. தெனம் மீன் கொழம்பு வெச்சேன். அவருக்குப் புடிக்கும்."

அதற்குப் பிறகு தவிடு மட்டும் கையில் ரொம்ப நேரம் பிசைபட்டது.

அவருக்கும் எனக்கும் பழக்கமானது சுனாமி வந்த வருஷத்துக்கு அடுத்த வருஷம். அப்போது நான் பர்மா பஜாரில் ஒரு கடையில் நின்றுகொண்டிருந்தேன். வாக்மேன், டார்ச், கால்குலேட்டர், கேமரா எல்லாம் விற்போம். கப்பல்காரர் ஒருவர் ஒரு அட்டைப்பெட்டியைத் தள்ளிவிட்டுப் போனார். உள்ளே பச்சையும் பழுப்புமாக இலை வரைந்த பிளாஸ்டிக் டப்பாக்கள். பெட்டிமேல் கொம்பு வைத்த மானின் படம். மரத்தில் கட்டிவிட்டால், சூடுள்ள உடம்பு எதிரில் அசையும்போது தானே படம் எடுக்கும் கேமராவாம். வெளிநாட்டில் வேட்டைக்காரர்களும், வீட்டுத் தோட்டத்தில் ராத்திரி என்ன உலவுகிறது என்று பார்க்க ஆசைப்படுபவர்களும் வாங்குவார்களாம். நாங்கள் அதற்குக் காட்டு கேமரா என்று பெயர் வைத்தோம். ஒரு மாதம் யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. பிறகு அக்கா வந்தார். குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

"உங்க வூட்ல புலியாக்கா கீது, காட்டு கேமரா கேக்கறீங்க?"

"இன்னா கீதுன்னு தெரிஞ்சா நான் ஏன்டா இங்க வர்றேன்?"

அவருக்கு வீட்டுக்குப் பின்னால் ஒரு தோட்டம். கொய்யா, முருங்கை, பப்பாளி, மூலையில் கோழிக்கூடு. ஒரு மாதமாக ராத்திரியில் கோழி காணாமல் போய்க்கொண்டிருந்தது. அந்தத் தெருவில் பின்சுவருக்கு அப்பால் செல்வம் என்று ஒருவன் குடியிருந்தான். எப்போதோ யார்டில் செம்புக் கம்பி திருடி ஆறு மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தவன். இப்போது ஒழுங்காக மூட்டை தூக்கினான். அவன் பெண்டாட்டி காலையில் இட்லி விற்றாள். கோழி போனது என்றதும் தெருவே ஒரே வீட்டைத்தான் திரும்பிப் பார்த்தது. தெருச் சங்கத் தலைவர் அவன் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரரிடமே பேசிவிட்டார். இந்த மாதத்துக்குள் அவன் காலி பண்ண வேண்டும்.

"பாக்காம ஒருத்தன திருடன்னு சொல்லக்கூடாதுன்னு நான் நின்னுகினேன்," என்றார் அக்கா. "படம் எடுக்கறேன், அதுவரிக்கும் அவன் மேல கை வெக்காதீங்கன்னு தலைவர்கிட்ட சொல்லிகீறேன். நல்லதா ஒண்ணு காமி."

அவர் ஒரு கேமராவைத் தேர்ந்தெடுக்க நான்கு முறை வந்தார். எங்களிடம் இரண்டு வகை இருந்தது. ஒன்று ஃபிலிம் போடுவது, ஃப்ளாஷ் அடிக்கும். இன்னொன்று டிஜிட்டல். அதில் ஃப்ளாஷ் கிடையாது, கண்ணுக்குத் தெரியாத சிவப்பு வெளிச்சத்தில் எடுக்கும். ஒவ்வொரு படத்தின் அடியிலும் மணி, நிமிஷம் விழும். நல்லது எது என்று எனக்கே தெரிந்தது. டிஜிட்டலைத்தான் தள்ளப் பார்த்தேன்.

"படம் எங்கடா இருக்கும் இதுல?"

"இந்த கார்டுக்குள்ளக்கா."

நகத்தளவு கார்டை வாங்கி, கடைக்கு வெளியே போய், வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். கறுப்பு. திருப்பிப் பார்த்தார். கறுப்பு.

"ஒண்ணும் தெர்லியே. இத எப்படி நம்பறது? ஃபிலிமு கைல நிக்கும்டா. இது பேயி மாதிரி."

அடுத்த தடவை வந்தபோது வேறு சந்தேகம். "சென்சாருன்னு சொல்றியே, அது மனுசன் நடந்தா பாக்கும். கீழ ஊர்ந்துகினு போற ஜந்துவ பாக்குமா? காமி."

"இங்க ஜந்துவுக்கு எங்கக்கா போறது?"

"நீ கீறியே."

பர்மா பஜார் நடைபாதையில், மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, நான் நான்கு காலில் நடந்தேன். முப்பது வயது ஆள். எதிர்க்கடைக்காரர்கள் கைதட்டினார்கள். "டேய், ஏதாச்சும் போடுங்கடா, கொரைக்கப் போவுது!" என்று ஒருவன் கத்தினான். அக்கா சிரிக்கவில்லை. கேமராவை ஸ்டூல்மேல் வைத்தார். சென்சார் விளக்கு எரியவில்லை. தரையில், முழங்காலுக்கும் கீழே வைத்தார், எரிந்தது. என்னை மூன்று முறை போகவிட்டு மூன்று முறையும் எரிந்த பிறகுதான் தலையாட்டினார். "அப்ப இத கீழதான் கட்டணும். முட்டிக்குக் கீழ. மூச்ச வுடு, எழுந்துரு."

ஃபிலிம் கேமராவையே எடுத்துக்கொண்டு போனார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஃபிலிம் போட்டுக் கட்டிக்கொடுக்க நான் போனேன். பிறகு ஞாயிறுதோறும் போனேன். எனக்கு அப்போது ஒரு இடத்தில் கால் தரிக்காது. போவதற்கு ஒரு வீடு இருப்பது புதிதாக இருந்தது.

முதல் ரோல் முழுக்க லாரி. தோட்டத்து வேலி மெயின்ரோட்டை ஒட்டியது. ஹார்பருக்குள் நுழைய கன்டெய்னர் லாரிகள் ராத்திரி முழுக்க எஞ்சினை அணைக்காமல் வரிசையில் நிற்கும். அந்தச் சூட்டை நாங்கள் நினைத்தே பார்க்கவில்லை. முப்பத்தாறு படம். லாரிச் சக்கரம், லாரி பானெட், வேலியைப் பார்த்து நின்று ஒன்றுக்குப் போகும் டிரைவர்கள். ஒரு டிரைவர் ஃப்ளாஷில் பயந்து லுங்கியை வாயில் கடித்தபடி ஓடுகிறார்.

அக்கா ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "ஆம்பளைங்க எல்லாம் ஆரோக்கியமா கீறாங்க," என்றார். நான் அன்றைக்குத்தான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

கேமராவை ரோட்டுக்கு முதுகு காட்டித் திருப்பி, முருங்கை மரத்தில், முழங்காலுக்குக் கீழே, கூட்டுக்குப் பக்கத்தில் கட்டினோம். நாங்கள் கட்டுவதைச் செல்வம் பின்சுவருக்கு மேலே கையை ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒல்லியான ஆள், முன்பல் ஒன்று உடைந்திருக்கும்.

"நல்லா கட்டுங்கக்கா," என்றான். "நானும் ராவுல ஒரு கண்ணு வெச்சிகினுதான் கீறேன். எம்மேல பழி வந்துகினே கீது. இது என்னிக்கோ ஒரு நாளு புடிக்கும்."

"ஆடாம இருந்தா புடிக்கும்," என்றார் அக்கா.

பத்து நாள் கழித்து ஒரு காலையில் கூட்டின் மேல்பலகையில் ஒரு கோழி கழுத்து கிழிந்து கிடந்தது. கேமராவில் ஃபிலிம் பாதிதான் ஓடியிருந்தது. அக்கா அதைத் தெருமுனை ஸ்டூடியோவில் கழுவக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது கவர் அப்போதுதான் வந்திருந்தது; தலைவரும் நான்கு பேரும் ஏற்கனவே கேட்டில் நின்றிருந்தார்கள். அக்கா கவரைப் பிரித்தார். நெகட்டிவ் துண்டுகளை மேசைமேல் வைத்துவிட்டு, பிரிண்டை மட்டும் எடுத்து, பழக்கதோஷத்தில் ஜன்னலுக்கு நேரே பிடித்தார். ஃபோட்டோ காகிதத்தில் வெளிச்சம் எங்கே ஊடுருவும்? கோடாகக்கூட ஒன்றும் தெரியாது. இறக்கித் திருப்பிப் பார்த்தார்.

அக்காவின் கோழிகள், அக்கா, ஒரு பூனை, மறுபடி கோழிகள். பிறகு செல்வம். இருட்டில், கூட்டுக்கு முன்னால் குனிந்து, கையில் கோழியைக் காலைப் பிடித்துத் தொங்கவிட்டபடி. ஃப்ளாஷில் கண் இரண்டும் சிவப்பாக எரிந்தது.

தலைவர் அதை அக்கா கையிலிருந்து வாங்கினார். யாரோ போய்ச் செல்வத்தைக் கூட்டிவந்தார்கள். கூட்டிவந்தார்கள் என்பது சரியில்லை, இழுத்துவந்தார்கள்.

"கோழி கத்திச்சிண்ணே. செவுரு ஏறிக் குதிச்சி வந்தேன். மரநாயி. என்ன பாத்ததும் போட்டுட்டு ஓடிச்சி. உசிரு கீதான்னு தூக்கிப் பாத்தேன், பலக மேல வெச்சேன். அவ்ளோதான்."

"எங்கடா மரநாயி? படத்துல கீதா?" தலைவர் படங்களைச் சீட்டுக்கட்டுபோல விரித்தார். மரநாய் இல்லை. "பளிச்னு ஃப்ளாஷு அடிச்சதும் பயந்து கோழிய போட்டுட்டு ஓடிகிற. சிஸ்டர், நீயே சொல்லு. இது இன்னா?"

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். செல்வமும் பார்த்தான். அந்த நேரத்தில் அவர் ஏதாவது சொல்லியிருக்கலாம். ஒருத்தன் கையில் கோழி இருக்கிறது, அதற்கு மேல் இந்தப் படத்தில் எதுவும் இல்லை என்று சொல்லியிருந்தால்கூடப் போதும். அவர் சொல் அந்தத் தெருவில் எடுபடும்.

"படம் எடுக்கறது என் வேல," என்றார் அக்கா. "படிக்கறது என் வேல இல்ல."

நானும் அங்கேதான் நின்றேன். வெளியாள், எனக்கென்ன என்று நின்றேன்.

அடித்தார்கள். அதை நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. கேட்டுக் கம்பியில் அவன் கை மாட்டிக்கொண்டபோது ஒரு சத்தம் கேட்டது; அக்கா சட்டென்று திரும்பினார், அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். சாயங்காலம் மீன் ஏற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்றில் இட்லிப் பானை, பாய், டிரங்குப் பெட்டியோடு அவன் பெண்டாட்டி ஏறினாள். அவன் கையைத் துண்டில் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான். வண்டி போய்விட்டது.

மறுநாள் நான் கடையைத் திறக்குமுன்பே அக்கா படியில் உட்கார்ந்திருந்தார். தலை வாரவில்லை. என்னிடம் ஒரு நெகட்டிவ் துண்டை நீட்டினார்.

"ராவுல கவருல போட்டு நம்பர் எழுதலாம்னு எடுத்தேன். லைட்டுல புடிச்சேன். நீயும் புடி. பதினாலாவது."

வானத்துக்கு நேரே பிடித்தேன். பதினைந்தாவதில் செல்வம், கறுப்பு வெளுப்பு மாறி, கோழியோடு. அதற்கு முந்தியதில் ஒரே கறுப்பாக ஒரு திட்டு. ஸ்டூடியோக்காரன் அதை வீணான படம் என்று பிரிண்ட் போடாமல் விட்டிருந்தான். எல்லா ஸ்டூடியோவிலும் அப்படித்தான். வராத படத்துக்கு யாரும் காகிதம் செலவு செய்யமாட்டார்கள். எனக்கும் அது திட்டாகத்தான் தெரிந்தது.

"கிட்ட வந்துடிச்சிடா. நாமதான் கீழ கட்டினோமே, மிஷினு மூஞ்சிகிட்ட வந்துடிச்சி. ஃப்ளாஷு அதும்மேலயே அடிச்சிகீது. அதான் இவ்ளோ கறுப்பு." அவர் விரல் நடுங்காமல் ஓரத்தைத் தொட்டுக்காட்டியது. "இது முதுகு. இது வாலு, நீளமா போவுது பாரு. இது வாயி. வாயில தொங்குது பாரு, அது கோழி ரெக்க."

அவர் சொல்லச் சொல்ல அது மரநாயாக ஆனது. அந்த மிஷின் ஒரு படம் எடுத்தால் அடுத்ததற்கு ஒரு நிமிஷம் ஆகும். பதினாலில் மரநாய் கோழியோடு. ஒரு நிமிஷம் கழித்துப் பதினைந்தில் செல்வம். டிஜிட்டல் எடுத்திருந்தால் எல்லாப் படமும் நேரத்தோடு வரிசையாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அதை நான் சொல்லவில்லை. அவருக்கும் தோன்றியிருக்கும்.

ஸ்டூடியோவில் சண்டைபோட்டு அந்த ஒன்றைப் பிரிண்ட் போடவைத்தார். வெள்ளையாக வெந்துபோன ஒரு உருவம், வால் மட்டும் தெளிவு. தலைவர் கையில் கொடுத்தார். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "சரி சிஸ்டர், இருக்கட்டும். போனவன் போய்ட்டான். எதுக்கு இப்ப பேஜாரு? வுடு," என்று திருப்பிக் கொடுத்தார்.

அக்கா விடவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை நாங்கள் செல்வத்தைத் தேடினோம். காசிமேட்டில் மீன் ஏலம் போடும் இடத்தில், ராயபுரத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் டீ குடிக்கும் கடையில், எண்ணூர் போகும் பஸ்ஸில் நின்றபடி. யாரைக் கேட்டாலும் முதலில் ஹேண்ட்பேக்கிலிருந்து நெகட்டிவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுவார். "அவன் எடுக்கலப்பா. இதோ பாரு, மரநாயி." கேட்டவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. எந்தக் கோழி, எந்தத் தெரு என்று அவர்களுக்கு என்ன தெரியும்? ஒரு மீன்காரம்மா பாவப்பட்டு, அக்காவை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். நான் அதுவரை எந்த வேலையிலும் சேர்ந்தாற்போல ஒரு வருஷம் நின்றதில்லை, எந்த ஊரிலும் நின்றதில்லை. அப்படிப்பட்ட எனக்கே அந்த அலைச்சல் தாங்கவில்லை. அவர் நடந்துகொண்டே இருந்தார்.

கடைசியில் எண்ணூர்ப் பக்கம் ஒரு குப்பத்தில், செல்வத்தின் மைத்துனன் வீட்டில் கண்டுபிடித்தோம். வாசலில் வலை காய்ந்துகொண்டிருந்தது. செல்வம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கை முழங்கைக்குக் கீழே மூங்கில் பத்தை வைத்துப் போட்ட நாட்டு வைத்தியக் கட்டுக்குள் வீங்கிக் கிடந்தது. எங்களைப் பார்த்து எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை.

"செல்வம், இதப் பாரு," என்று அக்கா நெகட்டிவை எடுத்தார். "மரநாயி வுழுந்துகீதுப்பா. உன் படத்துக்கு முந்தின படம். நீ எடுக்கல. நல்லா தெரியுது பாரு."

அவன் பார்க்கவில்லை. அக்காவைத்தான் பார்த்தான்.

"எனக்கு எதுக்குக்கா படம்? நான் அங்கதான இருந்தேன்."

அக்காவின் கை அப்படியே நின்றது.

"அன்னிக்கி ராவுல பளிச்னு அடிச்சுதா," என்றான் அவன். குரலில் கோபமே இல்லை, அதுதான் கேட்க முடியவில்லை. "எனக்கு எவ்ளோ சந்தோசம் தெரியுமாக்கா? அப்பாடா, அக்கா மிஷினு பாத்துடிச்சி, இனிமே யாரும் நம்பள ஒண்ணும் சொல்ல முடியாதுன்னு போய்ப் படுத்துத் தூங்கினேன். ஒரு மாசத்துல அன்னிக்கிதான் நல்லா தூங்கினேன்."

அக்கா நெகட்டிவை மடியில் வைத்துக்கொண்டார். உள்ளேயிருந்து அவன் பெண்டாட்டி வந்தாள். எங்களுக்கு டீயும் இல்லை, தண்ணீரும் இல்லை. அவள் கையில் ஒரு பழுப்புக் கவர் இருந்தது.

"வீக்கம் வத்தவே இல்ல. நேத்துதான் ஆஸ்பத்திரில படம் எடுத்தாங்க," என்றாள். "டாக்டரு புதன்கெழம வரச் சொல்லிகிறாரு. எங்களுக்கு இத இன்னான்னு பாக்கத் தெர்ல. நீ சொல்லுவியா?"

சொல்லமாட்டார் என்றுதான் நான் நினைத்தேன்.

அக்கா கவரை வாங்கினார். வாசலுக்கு வந்து வலையை ஒதுக்கிவிட்டு, வெளிச்சத்துக்கு முகம் காட்டி நின்று, ஃபிலிமை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். கடற்கழி மேல் வெயில் வெள்ளையாக இருந்தது. செல்வத்தின் எலும்பு இரண்டும் அந்த வெயிலில் தெரிந்தன. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"ஒடிஞ்சிகீதுப்பா," என்றார். "ரெண்டு எலும்பும். கட்டு சரியில்ல, கோணலா சேந்துகினு வருது. இப்பிடியே வுட்டா மூட்ட தூக்க முடியாது."

"அப்ப புதன்கெழம..."

"புதன்கெழம இல்ல. இன்னிக்கி. எழுந்துரு."

மைத்துனனின் மீன்பாடி வண்டி பக்கத்தில் நின்றது. நான் ஒரு பக்கம் பிடித்தேன், அக்கா அந்தக் கையைக் கீழிருந்து தாங்கிக்கொண்டார். வண்டியில் ஏற்றும்போது செல்வத்துக்கு முகம் வெளுத்தது.

"மூச்ச புடி," என்றார் அக்கா. "ஆடாத."

மணல்மேட்டில் வண்டி குலுங்கிக் குலுங்கி ஏறியது. தார் ரோடு வரும்வரை அவர் "வுடு" என்று சொல்லவில்லை.